மிட்ஜெட்டுக்கும் மைனருக்கும் ஒரே இரத்தம்: பழைய காருக்கு நின்றுபிடிக்கும் உதிரிப்பாகம் தேடல்

லண்டனில் இருக்கும் என் மச்சான் சில வருடங்களுக்கு முன்னர் 1972ஆம் ஆண்டுத் தயாரிப்பான எம்ஜி மிட்ஜெட் கார் ஒன்றை வாங்கினார். இருவர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய, நிலத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார். உண்மையில் அவர் தேடியது மொறிஸ் மைனரை. அவருடைய அப்பா யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய மைனர், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது வீட்டுக் கொட்டிலுக்குள் விடப்பட்டது. திரும்பி வந்தபோது கொட்டிலும் இருக்கவில்லை, காரும் இருக்கவில்லை. லண்டனில் விலைக்குப் பொருந்தி வந்தது மிட்ஜெட்.

போன வருடம் அவர் தொலைபேசியில் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "ஒன்றரை வருசத்துக்குள்ள மூன்று ரொட்டரும் இரண்டு கொண்டென்சரும் மாத்திப்போட்டன். எல்லாம் பெட்டியோட வந்த புதுச் சாமான். அப்பா அந்தக் காரை மண்ணெண்ணெயில ஐஞ்சு வருசம் ஓட்டினவர். அவருக்குச் சாமான் எங்கயிருந்து வந்தது?"

கேள்வியை, கொக்குவில் பக்கம் ஏறத்தாழ ஐம்பது வருடங்களாக இந்தக் கார்களையே திருத்திவரும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பெயர் போட வேண்டாம் என்றார். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் 'அண்ணை'தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மிட்ஜெட்டின் படத்தைக் காட்டினேன். அதிகம் பார்க்கவில்லை. "இது வேற ஒண்டுமில்லைத் தம்பி. உடுப்பு மாத்தின மைனர்" என்றார்.

அது பகிடியல்ல. 1952இல் ஒஸ்டின், மொறிஸ் ஆகிய இரண்டு பெரிய கம்பனிகளும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டர் கோர்ப்பரேசன் உருவானது. 1951இல் ஒஸ்டின் ஏ30 காருடன் வந்த 803 சிசி 'ஏ சீரிஸ்' எஞ்சின் அதன் பின்னர் மைனருக்குள்ளும் புகுந்தது. 1956இல் அது 948 சிசி ஆகவும் 1962இல் 1098 சிசி ஆகவும் பெருத்தது. 1958இல் மலிவான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும் என்று ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைற்றை உருவாக்கியவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் போகவில்லை. எஞ்சினை இந்த 948இலிருந்து எடுத்தார்கள். ஸ்ரியறிங் றாக்கை மைனரிலிருந்து எடுத்தார்கள். முன்சில்லுகளைத் தாங்கும் அமைப்பை ஒஸ்டின் ஏ35இலிருந்து எடுத்தார்கள். 1961இல் வந்த எம்ஜி மிட்ஜெட் அதே ஸ்பிரைற்றின் மறுபெயர்தான். பிறகு அதற்கு 1275 சிசி எஞ்சின் வந்தது, குடும்பம் மாறவில்லை. மினி கார் இதே எஞ்சின் குடும்பத்தைக் குறுக்காக வைத்துக்கொண்டு 2000ஆம் ஆண்டுவரை தயாரிப்பில் இருந்தது.

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பாகம் தேடுபவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். காரின் பெயரை வைத்துத் தேடினால் சில கடைகளும் கூடிய விலையும்தான் கிடைக்கும். அந்தப் பாகம் வேறு எந்தச் சாதாரணக் காரில் இருந்தது என்று தேடினால் கதவுகள் திறக்கும். ஏறத்தாழ அரை நூற்றாண்டு தயாரிக்கப்பட்ட எஞ்சினுக்கு கஸ்கற், பெயாறிங், வால்வு, ஒயில் பம் என்று இன்னமும் நல்ல சாமான் செய்கிறார்கள், ஏனென்றால் வாங்க ஆளிருக்கிறது. ஆனால், ஒரு எச்சரிக்கை: 1974இன் பிற்பகுதியிலிருந்து வந்த, கறுப்பு றப்பர் பம்பர் போட்ட மிட்ஜெட்டுக்குள் இருப்பது ட்ரையம்ப் கம்பனியின் 1493 சிசி எஞ்சின். அதற்கும் மைனருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இதே கதை ஒரு படி மேலேயும் உண்டு. 1955இல் வந்த எம்ஜிஏ என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காரின் 1489 சிசி 'பி சீரிஸ்' எஞ்சின், நாங்கள் திருமண வீடுகளில் பார்த்த ஒஸ்டின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களின் எஞ்சின்தான். ஒக்ஸ்போர்ட்டின் உருவத்தையும் அந்த எஞ்சினையும் இந்தியாவின் ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் எடுத்து அம்பாசடராக்கி, 2014 வரை கார் விட்டுக்கொண்டிருந்தது. ஆகவே, இங்கிலாந்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கப்படும் ஒரு சாமானின் ஒன்றுவிட்ட சகோதரன் சென்னையில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடக்கலாம். பிற்கால அம்பாசடர்களில் இசுசு எஞ்சினும் வந்தது. இந்தியத் தயாரிப்பில் அளவுகளும் காலத்துக்குக் காலம் மாறின. பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒத்துப்பார்க்காமல் வாங்குவது காசை எறிகிற வேலை.

இனி மச்சானின் ரொட்டர்களுக்கு வருவோம். டிஸ்ரிபியூற்றருக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்ரிக் துண்டுதான் ரொட்டர். மலிவாகச் செய்யப்படும் புதிய ரொட்டர்களில் மேலேயுள்ள பித்தளைத் தகட்டை ஒரு றிவெற் அடித்துப் பொருத்துகிறார்கள். அந்த றிவெற்றின் அடிநுனி உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. இடையில் இருக்கும் பிளாஸ்ரிக்கும் தரமில்லாதது. பல ஆயிரம் வோல்ற் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் குறுக்கு வழியில் தண்டுக்குள் பாய்ந்துவிடும். சூட்டில் நிற்கும் கார், ஆறினால் திரும்பவும் ஸ்ராற் எடுக்கும். ஆட்கள் கார்பரேற்றரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

கொண்டென்சரும் அப்படித்தான். டிஸ்ரிபியூற்றருக்குள் எஞ்சின் சூட்டில் வேகிற இடத்தில் இருக்கிறது. உள்ளே சரியாகச் சுற்றப்படாவிட்டால் சில மாதங்களில் போய்விடும். பொயின்ற்றின் பிளாஸ்ரிக் குதி மென்மையாக இருந்தால் விரைவில் தேய்ந்து இடைவெளி மூடிக்கொள்ளும். மூன்றும் சில்லறைச் சாமான்கள், மூன்றும் காரை வழியில் நிறுத்தக்கூடியவை. இங்கிலாந்தில் இதற்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்: டிஸ்ரிபியூற்றர் மட்டுமே திருத்துகிற சிறப்புப் பட்டறைகள் றிவெற் இல்லாத ரொட்டரைச் செய்து விற்கின்றன. கொண்டென்சரை வெளியே, சூடு குறைந்த இடத்தில் பொருத்துகிறார்கள். பொயின்ற்றுக்குப் பதிலாக மூடிக்குள் மறையும் எலெக்ரோனிக் தொகுதி போடுபவர்களும் உண்டு. அதை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைனரில் பற்றறியின் நேர்முனைதான் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். 1972 மிட்ஜெட்டில் எதிர்முனை. மாறிப் போட்டால் தொகுதி அந்த நிமிடமே எரிந்துவிடும்.

அண்ணை தன்னுடைய ரொட்டரைக் காட்டினார். 1980களில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கியதாம். மூன்று கார் மாறியும் ஓடுகிறது. "பெட்டியில என்ன எழுதியிருக்கெண்டு வாசிக்காதை. சாமானைக் கையில எடுத்துப் பார்" என்றார்.

அப்படியென்றால் பழைய கையிருப்புச் சாமான் எல்லாம் நல்லதா என்றால், இல்லை. பெயாறிங், பிஸ்ரன், கியர்ச் சக்கரம், கிங் பின் போன்ற இரும்புச் சாமான்கள் கிறீஸ் தாளில் சுற்றி, ஈரம்படாமல் இருந்தால் ஐம்பது வருடத்துக்குப் பிறகும் பூட்டலாம். அந்தக் காலத்து உருக்கின் தரமும் பல இன்றைய நகல்களைவிட மேல். ஆனால், பிரேக் சிலிண்டர் றப்பர், பெற்றோல் குழாய், கொண்டென்சர், விசிறிப் பட்டி போன்றவை பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் கிழடாகிவிடும். பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். மடித்துப் பார்த்தால் மயிர்போல வெடிப்புத் தெரியும். இணையத்தில் 'அசல் பழைய கையிருப்பு' என்று கூடிய விலைக்கு விற்கப்படும் பிரேக் றப்பரை வாங்கிப் பூட்டுவது, என் பார்வையில், உயிரோடு விளையாட்டு. ரயரும் அப்படியே. அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு தயாரித்த கிழமை, அடுத்த இரண்டு வருடம். தடம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பத்து வருடம் தாண்டிய ரயரில் வேகமாகப் போகக் கூடாது.

றப்பர் என்ற பெயரில் வருவதெல்லாம் ஒன்றுமல்ல. எங்கள் நாட்டு மரத்திலிருந்து வரும் இயற்கை றப்பருக்கு இழுவையும் தாங்கும் சக்தியும் உண்டு. எஞ்சினைத் தாங்கும் மவுன்றுகளுக்கு நல்லது. ஆனால், எண்ணெய் பட்டால் ஊதிக் கரைந்துவிடும். அதனால்தான் பிரேக்கைக் கழுவப் பெற்றோலோ எஞ்சின் ஒயிலோ பாவிக்கக் கூடாது. பெற்றோல் குழாய்க்கு நைற்றைல் போன்ற செயற்கை றப்பர் வேண்டும். பிரித்தானியாவில் 2021 செப்ரெம்பரிலிருந்து சாதாரண பெற்றோலில் பத்து சதவீதம்வரை எதனோல் கலக்கப்படுகிறது. பழைய குழாய்களை அது மெல்ல மெல்ல அரித்து எஞ்சினுக்கு மேல் பெற்றோல் ஒழுக வைக்கும். அங்கேயுள்ளவர்கள் எதனோல் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்க வேண்டும். ஸ்பிறிங் புஷ்களுக்கு இப்போது பொலியூரித்தேன் வருகிறது. எண்ணெய்க்கு அசையாது, நீண்டநாள் இருக்கும். குலுக்கல் கூடும், சில வேளை கீச்சிடும். நான் என்றால் அதைத்தான் போடுவேன்.

மண்ணெண்ணெய்க் காலத்தைப் பற்றி அண்ணை சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். 1990இல் போர் மீண்டும் தொடங்கி வடக்குக்கு எரிபொருள் தடைப்பட்டதும், பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கப்பட்டதும் இதை வாசிக்கும் பலருக்கு நினைவிருக்கும். கார்பரேற்றருக்குள் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராற் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எங்களுடைய கண்டுபிடிப்பு என்றுதான் நானும் சின்ன வயதில் நம்பியிருந்தேன். ஃபேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இங்கிலாந்து வயல்களில் இதே முறையில்தான் ஓடியது. பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய எரிபொருளுக்கு மாறும். காரணம் எளிது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அழுத்தம் கூடிய எஞ்சினில் காலம் தப்பி வெடித்துத் தட்டும். ஏ40இன் 1200 சிசி எஞ்சினில் அழுத்த விகிதம் 7.2 மட்டுமே. பழைய மைனரும் அதே அளவுதான். அதனால் தாங்கின. தீப்பொறி நேரத்தைக் கொஞ்சம் பின்தள்ளி வைத்தால் தட்டுவதும் குறையும்.

அதற்கான விலையை எஞ்சின் கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலிருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலையும் தண்ணியாக்கிவிடும். பிளக்கில் கரி பிடிக்கும், றிங் தேயும், சிலிண்டர் முட்டை வடிவாகும். இதற்கு மருந்து, சிலிண்டரைக் கடைந்து அடுத்த அளவுப் பெரிய பிஸ்ரனைப் போடுவது. ஏ சீரிஸுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 40, 60 பங்கு பெரிதான பிஸ்ரன்கள் உண்டு. புதுப் பிஸ்ரன் வராத நாட்களில் ஓடாத ஒரு காரின் பிஸ்ரன் இன்னொரு காருக்குப் போனது. தேய்ந்த கிங் பின் புஷ்ஷைப் பித்தளையில் கடைந்து போட்டார்கள். சீமெந்தும் பற்றறியும்கூடத் தடைசெய்யப்பட்டிருந்த ஊரில் லேத் பட்டறைகள்தான் உதிரிப்பாகக் கடைகளாக இருந்தன. மச்சானின் கேள்விக்குப் பதில் அதுதான்: அவருடைய அப்பாவுக்குச் சாமான் அதிகம் வரவில்லை. இருந்த சாமானை எறியவில்லை.

இதில் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. நாங்கள் மண்ணெண்ணெய்ப் புகைக்குள் இருந்த அதே 1990களின் தொடக்கத்தில், இதே நாட்டின் மறுபக்கத்தில் மொறிஸ் மைனருக்குப் புத்தம்புதிய பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவரும் இலங்கைப் பங்காளி ஒருவரும் சேர்ந்து தொடங்கிய அந்த முயற்சியின் பெயர் டியூரபிள் கார் கம்பனி. பெயரிலேயே 'நீடித்துழைக்கும்' என்ற சொல் இருக்கிறது. ஆண்டுக்கொரு புதுக் கார் வாங்கி விலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, நல்ல பழைய கார் ஒன்றைத் திட்டமிட்டுப் பாகம் பாகமாகப் புதுப்பித்துக்கொண்டே ஓட்டுவது மலிவு என்று வெயர் 1980களிலேயே வாதிட்டவர். இலங்கையில் இந்தக் கார்களைத் தகடு அடித்துத் திருத்தும் கைவினை உயிரோடு இருப்பதைக் கண்டுதான் இங்கே வந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் அந்தக் கைவினை இருந்தது. அங்கே செய்த ஒரு மட்கார்ட்கூட ஆனையிறவைத் தாண்டி வரவில்லை.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இதுபோன்ற நல்ல ஏற்பாடுகள் உண்டு. 1975இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் மோட்டர் ஹெரிற்றேஜ், பழைய அச்சுகளைத் தேடி எடுத்து 1988இல் எம்ஜிபி காரின் முழு உடம்பையும் திரும்பச் செய்யத் தொடங்கியது. மிட்ஜெட்டுக்கும் செய்தது. எஸ்யு கார்பரேற்றர்களுக்கான பாகங்களை சாலிஸ்பரியிலுள்ள பேர்லன் நிறுவனம் இன்னமும் செய்கிறது. அசல் அச்சிலிருந்து வரும் தகடு கதவு இடைவெளியில் சரியாக உட்காரும். மலிவான நகலை வெட்டி ஒட்டிப் பொருத்தும் கூலி, மிச்சம்பிடித்த காசை விழுங்கிவிடும்.

எல்லாப் பாகங்களிலும் நான் அதிகம் பயப்படுவது முன்சில்லைத் தாங்கும் மரைகளுக்கு. மைனரில் சில்லைத் தாங்கும் தண்டு மேலும் கீழும் மரை வெட்டிய கட்டைகளுக்குள்தான் திரும்புகிறது. மிட்ஜெட்டில் கீழேயுள்ள பின் மரையோடு விஷ்போனுக்குள் திரும்புகிறது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும் என்பது கம்பனி விதி. அடிக்காவிட்டால் மரை தேயும். ஒருநாள் வளைவில் திருப்பும்போது சில்லு காருக்குள் மடிந்து படுத்துவிடும். கிறீஸ் நிப்பிளில் அடைப்பு இருந்தால் துப்பாக்கியால் அடித்தும் உள்ளே போகாது. பழைய கிறீஸ் மறுபக்கத்தால் பிதுங்கி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பாகத்தில் மலிவுச் சாமான் வாங்கவே கூடாது. அண்ணை ஒவ்வொரு கிங் பின்னையும் அரத்தால் ஓரிடத்தில் உரசிப் பார்ப்பார். அரம் வழுக்கினால் கடினமான உருக்கு. கடித்தால் திருப்பி அனுப்பு. பித்தளைப் புஷ் என்று தருவதைக் காந்தத்தில் பிடிப்பார். ஒட்டினால் அது பூச்சுப் போட்ட இரும்பு. பிறகு வேர்னியரால் அளப்பார்.

நெம்புகோல் வகை ஷொக் அப்சோபர் இந்த இரண்டு கார்களிலும் உண்டு. அதைப் புதிதாக வாங்குவதைவிட, பழையதைக் கொடுத்துத் திருத்தியதை வாங்குவதுதான் இங்கிலாந்து வழக்கம். பழையதைக் கொடுக்காவிட்டால் மேலதிகக் காசு கேட்பார்கள். திருத்தியது என்று வருவதில் பாதி, கழுவி, பெயின்ற் அடித்து, ஒயில் நிரப்பியது மட்டுமே. தண்டு தேய்ந்திருந்தால் சில கிழமைகளில் ஒயில் கசியும். தண்டையும் புஷ்ஷையும் மாற்றினீர்களா என்று கேட்டு, உத்தரவாதம் எழுதி வாங்க வேண்டும்.

பிரேக்கைப் பற்றி இன்னொன்று. பழைய லைனிங்குகளில் பெரும்பாலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கும், கூரைச் சீற்றில் இருக்கும் அதே பொருள். எங்கள் கராஜ்களில் டிரம்மைக் கழற்றியவுடன் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. அந்தத் தூசி சுவாசப்பைக்குள் போனால் பல பத்து வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஈரத் துணியால் துடைத்து, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பழைய கையிருப்பு லைனிங் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

வால்வு பற்றியும் கேட்கிறார்கள். ஈயம் கலந்த பெற்றோல் இருந்த காலத்தில் அந்த ஈயமே வால்வு இருக்கைக்குக் காப்பாக இருந்தது. பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டுடனும் இலங்கையில் 2002இலும் அது நிறுத்தப்பட்டது. எஞ்சினின் தலையைக் கழற்றும் வாய்ப்பு வந்தால் புகைபோக்கி வால்வுகளுக்குக் கடினமாக்கிய இருக்கை போட்டுவிடலாம். அதற்காகவே கழற்ற வேண்டியதில்லை.

அண்ணையின் கராஜில் இப்போது நிற்பது ஒரு மைனர், ஒரு கேம்பிறிட்ஜ். மைனரின் இலக்கத் தகட்டில் 1958இல் எங்கள் மூத்தவர்கள் தார் பூசிய அந்த 'ஸ்ரீ' எழுத்து இன்னமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025இல் திரும்பத் திறக்கும்வரை பழைய கார்களின் விலை ஏறியது. ஏறியதால் பலர் கொட்டிலுக்குள் கிடந்ததையெல்லாம் வெளியே எடுத்தார்கள். ஆனால், அதற்கு முன்னரே நிறைய இரும்பாகப் போய்விட்டது. முள்ளிவாய்க்காலில் குவிந்து கிடந்த வாகனங்கள் லொறி லொறியாக ஏற்றப்பட்டதைப் பார்த்த பிறகு, வன்னியில் பலர் வளவில் மிஞ்சிக் கிடந்த கார்களையும் நிறுத்து விற்றுவிட்டார்கள் என்கிறார் அண்ணை.

அதனால் அவர் பழைய இரும்பு வாங்க வருகிறவரோடு ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறார். ஊர்களில் சேர்த்துக்கொண்டு போகும் வழியில் கிழமைக்கொருமுறை அந்த லான்ட்மாஸ்ரர் கராஜ் வாசலில் நிற்கும். அண்ணை பெட்டிக்குள் ஏறிப் புரட்டுவார். வேண்டியதை எடுத்தால், கிலோ விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கொடுப்பார். நான் போயிருந்த நாளில் அவருக்குக் கிடைத்தது ஒரு ஸ்ரியறிங் றாக், பல் உடையாத இரண்டு கியர்ச் சக்கரங்கள், சைக்கிள் சட்டம் ஒன்றுக்குக் கீழே கிடந்த ஒரு ஏ சீரிஸ் எஞ்சின் தலை. தலையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க அதைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியடிக்குக் கொண்டுபோனார்.